எம்10 என்று கேளுங்கள், பதினேழு என்று கேட்காதீர்கள்

"அக்கா, ஒரு டேப் குடுங்க."

காலை பத்து மணிக்குள் இப்படி ஒரு பையனாவது வந்து நிற்பான். அவனுக்கு நான் எதை எடுத்துக் கொடுப்பது? வயரில் ஒட்டும் கருப்பு டேப்பா, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பா, அளக்கிற இன்ச் டேப்பா, ஓட்டைக்குள் மரை வெட்டும் டேப்பா? நாலும் கடையில் இருக்கின்றன. நாலுக்கும் நம் வாயில் ஒரே பெயர். "எந்த டேப்பு தம்பி?" என்று கேட்டால், "மேஸ்திரி டேப்புன்னுதான் சொன்னாரு" என்பான். அப்புறம் மேஸ்திரிக்குப் போன் போட்டு, அவர் எடுக்காமல், பையன் வெயிலில் பாதி தூரம் திரும்பிப் போய் வருவான்.

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் நட்டு போல்ட்டு கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. அவர் காலத்துப் பில் புத்தகத்தில் "தர்மபுரி மாவட்டம்" என்று அச்சடித்திருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். கிரானைட் பட்டறைக்காரர்கள், மாம்பழக்கூழ் ஆலை ஃபிட்டர்கள், டிராக்டர் மெக்கானிக்குகள், ஓசூர் சிப்காட்டுக்கு ஜாப் ஒர்க் செய்யும் லேத்துக்காரர்கள் என்று எல்லோரும் வருவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாஷை. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் பழகியதில் எனக்குத் தெரிந்ததை, கடைக்கு வரும் புதுப் பையன்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் போல்ட்டு. வாரத்துக்கு நாலு தடவை நடக்கிற சண்டை இது: "பதினேழு நம்பர் போல்ட்டு குடுங்க." பதினேழு என்பது போல்ட்டின் நம்பர் அல்ல, அதைத் திருகும் ஸ்பேனரின் நம்பர். பழைய அளவில் செய்த எம்10, அதாவது பத்து மிமீ போல்ட்டுக்கு 17 ஸ்பேனர் போடும். புது ஐஎஸ்ஓ அளவில் வருகிற அதே எம்10க்கு 16. ஜப்பான் மாடல் வண்டிகளில் தலை சின்னதாக இருக்கும், அதே எம்10க்கு 14. ஒரே மரைக்கு மூன்று ஸ்பேனர். ஆகவே தலையை வைத்துப் பேர் சொன்னால் நான் ஊகம்தான் செய்ய முடியும். இதைவிட மோசம் "பன்னிரண்டு நம்பர்". பைக் மெக்கானிக் சொன்னால் அது 12 ஸ்பேனர் போடும் எம்8. கிரானைட் பட்டறைக்காரர் சொன்னால் எம்12. நான் போல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்கிறவர் கையைப் பார்ப்பேன்: கிரீஸா, கல் தூசியா என்று. பாதி நேரம் சரியாக இருக்கும்.

எம் என்றால் மெட்ரிக். அதற்குப் பின்னால் வரும் எண் மரையின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். இதை அளக்கத்தான் வெர்னியர். பள்ளிப் புத்தகத்தில் வெர்னியர் அளவி என்று படித்திருப்பீர்கள். பட்டறையில் வெறும் வெர்னியர். (வெர்னியர் என்பது 1631இல் இந்த அளவுமுறையை வெளியிட்ட பிரெஞ்சுக்காரரின் பெயர்.) வெர்னியர் வேண்டுமென்றால் வெர்னியர் என்றே கேளுங்கள். "காலிபர்" என்று கேட்டால் இரண்டு கால் உள்ள இன்சைடு அவுட்சைடு காலிபரை எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவை என் கடைப் பையன் அப்படிக் கேட்டவரை, "அது பிரேக்கு சாமான்ணா, எதிர்க்க பைக் ஸ்பேர்ஸ்ல கேளுங்க" என்று அனுப்பிவிட்டான். அவன் மேலும் தப்பில்லை.

வெர்னியரில் பெரிய தாடை வெளி அளவுக்கு, மேலே உள்ள சின்னத் தாடை உள் அளவுக்கு. பின்னால் வால் மாதிரி நீளும் கம்பி ஆழம் பார்க்க. வாங்கி வருஷக்கணக்காகியும் அந்த வால் எதற்கென்று தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அளக்கும் முன் தாடையைத் துடைத்து, மூடி, இரண்டு ஸ்கேலின் சுழியும் (பூஜ்ஜியமும்) நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அதுதான் புத்தகத்தில் படித்த சுழிப்பிழை. பிறகு போல்ட்டின் மரை மேல் தாடையை வையுங்கள். கீழ் ஸ்கேலின் சுழி மேல் ஸ்கேலில் 9ஐத் தாண்டி நிற்கிறது, கீழே 42வது கோடு மேலே ஒரு கோட்டோடு நேராகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் அதிகம் விற்கும் வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, 0.02 மிமீ. 42ஐ 0.02ஆல் பெருக்கினால் 0.84. ஆக 9.84. "பத்து வரலையே அக்கா, இது ஒன்பதரை போல்ட்டா?" என்று கேட்பார்கள். எம்10 போல்ட் பத்து காட்டாது. நட்டு ஓட இடம் வேண்டுமல்லவா, அதனால் கொஞ்சம் குறைத்துத்தான் செய்வார்கள். 9.7க்கும் 10க்கும் நடுவில் வந்தால் எம்10 என்று எடுத்துக்கொள்ளலாம்.

விட்டத்தோடு நிறுத்திவிட்டால் வினை. எனக்கே நடந்தது.

ஒரு ஜூன் மாதம், மாம்பழ சீசன் உச்சம். இரவு எட்டரைக்கு ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஒரு கூழ் ஆலையிலிருந்து ஆள் வந்தார். பல்ப்பர் (கூழ் பிழியும் மெஷின்) மூடிக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நட்டு, எம்8, இருபது. டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். அந்த டப்பாவில் 5/16 இன்ச் நட்டும் கலந்திருந்தது எனக்குத் தெரியாது. 5/16 இன்ச் என்பது 7.94 மிமீ, எம்8க்குப் பக்கத்து வீடு. கண்ணுக்கும் தெரியாது, வெர்னியருக்கும் சரியாகத் தெரியாது. கையில் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஓடும், பிறகு இறுகும். அவசரத்தில் ஃபிட்டர் ஸ்பேனர் போட்டு இழுத்திருக்கிறார். எஸ்எஸ் மரை அப்படிச் சூடாகிப் பிடித்துக்கொண்டால் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. நாலு போல்ட்டை கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. கூழ் ஓட வேண்டிய மெஷின் நின்றது. மறுநாள் அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை, அறுத்த போல்ட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் கல்லா மேசை டிராயரில் கிடக்கிறது.

விட்டத்துக்கு அடுத்துக் கேட்க வேண்டியது பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். புத்தகத்தில் புரியிடைத் தூரம். எம்6க்கு 1, எம்8க்கு 1.25, எம்10க்கு 1.5, எம்12க்கு 1.75, எம்16க்கு 2, எம்20க்கு 2.5. இது சாதாரண மரை. ஃபைன் த்ரெட் என்றால் எம்10இலேயே 1.25 வரும், வண்டி வேலைக்கு அடிக்கடி கேட்பார்கள். இன்ச் மரையில் பிட்ச் சொல்ல மாட்டார்கள், ஒரு இன்ச்சுக்கு எத்தனை மரை என்று சொல்வார்கள். அதிலும் இரண்டு சாதி உண்டு. 1841இல் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் வகுத்த பிஎஸ்டபிள்யூ, மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க வழியில் வந்த யுஎன்சி, 60 டிகிரி. கால் இன்ச்சில் இரண்டுக்கும் 20 மரைதான். அரை இன்ச்சில் மட்டும் பிஎஸ்டபிள்யூவுக்கு 12, யுஎன்சிக்கு 13. பழைய இங்கிலீஷ் மெஷின் வைத்திருப்பவர்கள் "அரை இன்ச்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல் இதையும் சொல்ல வேண்டும்.

பிட்ச் பார்க்கப் பிட்ச் கேஜ் இருக்கிறது, விசிறி மாதிரி விரியும் பல் தகடுகள். இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக் பிள்ளைகள் வந்து "ஸ்க்ரூ கேஜ்" கேட்டால் என் பையன் இந்தப் பல் தகட்டை எடுத்து நீட்டுவான், ஏனென்றால் லேத்துக்காரர்கள் இதைத்தான் ஸ்க்ரூ கேஜ் என்பார்கள். பிள்ளைகள் கேட்பது திருகு அளவியை, பட்டறை பாஷையில் மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் என்றே சொல்லிப் பழகுங்கள். கூடவே ரேஞ்சும் சொல்லுங்கள்: 0–25 அளப்பதில் 30 மிமீ ஷாஃப்ட் நுழையாது, அதற்கு 25–50 தனியாக வாங்க வேண்டும். அதன் மரை ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும், சுற்றுக்கோலில் 50 கோடு; ஆக ஒரு கோடு 0.01 மிமீ. கடைசியில் உள்ள ராச்செட்டைத் திருகி "டிக் டிக்" என்று இரண்டு மூன்று சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். சி கிளாம்ப் மாதிரி இறுக்கி வேலை செய்தவர் ஒருவர், அளவு தப்பாகக் காட்டுகிறது என்று என்னிடமே திருப்பிக் கொண்டுவந்தார்.

சரி, பிட்ச் கேஜ் இல்லை என்றால்? சாதாரண ஸ்டீல் ஸ்கேலை மரை மேல் நீளவாக்கில் வையுங்கள். ஒரு மரை முனையைச் சுழியில் நிறுத்தி, அடுத்ததை ஒன்று என்று தொடங்கிப் பத்து வரை எண்ணுங்கள். பத்தாவது முனை 12.5இல் நின்றால் பிட்ச் 1.25, அது எம்8. 14ஐத் தொட்டால் அது 5/16. ஸ்கேலும் இல்லையா, தெரிந்த எம்8 போல்ட்டை எடுத்து இரண்டின் மரையையும் பல்லோடு பல் கோத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் இரண்டும் வேறு. அந்த ஜூனுக்கு அப்புறம் எஸ்எஸ் நட்டு எதையும் ஒரு போல்ட்டில் கையால் ஓட்டிப் பார்க்காமல் நான் எண்ணிக் கொடுப்பதில்லை.

தச்சுவேலைக்காரர்களும் பழைய வெல்டர்களும் "நூல்" கணக்கில் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு இன்ச். ஆகவே நாலு நூல் அரை இன்ச், ஆறு நூல் முக்கால் இன்ச், ஒரு நூல் 3.175 மிமீ. ரூஃபிங் வேலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பையன்கள் "தோ சூத்" என்று கேட்டபோது முதலில் விழித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்தியில் சூத் என்றாலும் நூல்தான், அளவும் அதே எட்டில் ஒன்று. நூல் தப்பான வார்த்தை இல்லை. மெட்ரிக் மரைக்கு அதைச் சொல்வதுதான் தப்பு. எம்12ஐ "நாலு நூல் போல்ட்டு" என்பார்கள். அரை இன்ச் 12.7 மிமீ, பிட்ச்சும் வேறு. லேத்தில் "ரெண்டு தவ் எடு" என்றால் அது இன்னும் நுணுக்கம்: ஒரு தவ் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மிமீ.

தகடு, கம்பிக்குச் சொல்லும் கேஜ் முற்றிலும் வேறு கணக்கு. எண் ஏற ஏறத் தடிமன் குறையும். 16 கேஜ் 1.6 மிமீ, 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. "இன்னும் கொஞ்சம் கெட்டியா, இருபது குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. மிமீயிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டு பேருக்கும் நிம்மதி. மெக்கானிக்குகள் கேட்கும் "ஃபில்லர் கேஜ்" உண்மையில் ஃபீலர் கேஜ். எஞ்சின் வால்வை ஒட்டிய டேப்பட் இடைவெளியில் தகட்டை நுழைத்து உரசலை உணர்ந்து பார்ப்பதால் அந்தப் பெயர். ஃபில்லர் என்று கேட்டாலும் கொடுத்துவிடுவேன், அதில் குழப்பம் இல்லை.

குழாய் இன்ச்சை மட்டும் அளந்து சொல்லாதீர்கள். அரை இன்ச் ஜிஐ குழாயை வெர்னியரில் பிடித்தால் 21 மிமீக்கு மேல் காட்டும். அரை இன்ச் என்பது உள் ஓட்டையை ஒட்டி வைத்த பழைய பெயர். குழாயை "அரை இன்ச் பைப் மரை" என்றே கேளுங்கள்.

நீளத்துக்கு வருவோம். ஹெக்ஸ் போல்ட் (ஆறு பக்கத் தலை), அலன் போல்ட் (தலைக்குள் ஆறு பக்கக் குழி, சாவி போட்டுத் திருகுவது) இரண்டிலும் நீளம் தலைக்குக் கீழிருந்து. தலை தகட்டோடு சமமாக அமுங்கும் சிஎஸ்கே ஸ்க்ரூவுக்கு மட்டும் தலையையும் சேர்த்து மொத்த நீளம். தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூவுக்கும் மொத்த நீளம்தான். அலனை "எல்என்" என்று இரண்டு எழுத்தாக எழுதிக்கொண்டு வருவார்கள். அலன் என்பது கம்பெனிப் பெயராக இருந்து சாமான் பெயராகிவிட்டது. இங்கேயும் சாவி நம்பர் வேறு, போல்ட் நம்பர் வேறு: எம்6 அலனுக்கு 5 சாவி, எம்8க்கு 6, எம்10க்கு 8, எம்12க்கு 10. அதே எம்8 கிரப் ஸ்க்ரூ என்றால் 4 சாவி. "ஆறு நம்பர் அலன்" என்றால் எம்6ஆ, 6 சாவி போடும் எம்8ஆ, இல்லை சாவியே வேண்டுமா என்று நான் மூன்று கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

தலையில் அச்சடித்திருக்கும் 8.8, 10.9 எல்லாம் சைஸ் இல்லை, பலம். 8.8இல் முதல் 8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுத்தால் அறும். புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் எண்பது சதவீதத்திலேயே நீண்டுபோய்த் திரும்பாது என்று சொல்கிறது. கிலோக்கணக்கில் தராசில் போட்டு விற்கும் சாதாரண போல்ட் பெரும்பாலும் 4.6. எம்10 போல்ட் ஒன்று 8.8இல் நாலரை டன்னுக்கு மேல் தாங்கி அறும் என்றால் 4.6இல் அதில் பாதி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தலை எழுத்தைத் தவிர வித்தியாசம் தெரியாது. கடையில் "ஹைடென்ஷன்" என்று கேட்பார்கள். சொல்ல வந்தது ஹை டென்சைல். அதிலும் எத்தனை என்று சொல்லுங்கள். எஸ்எஸ்ஸில் ஏ2-70 என்று இருக்கும்: ஏ2 என்பது 304 வகை, 70 என்பது சதுர மிமீக்கு 70 கிலோ.

பலமானதே நல்லது என்று நினைக்க வேண்டாம். டிராக்டரில் மாட்டி மண் கிளறும் ரோட்டவேட்டரின் ஷாஃப்டில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். கல்லில் மாட்டினால் அது அறுந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகவே வைத்தது. "அடிக்கடி அறுது, கெட்டியா 10.9 குடுங்க" என்று கேட்டு வரும் அண்ணன்களுக்கு நான் கொடுப்பதில்லை. எதிர்த்த கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

நட்டு, பின் வகைகளில் மூன்று பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். "லாக் நட்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். உள்ளே நைலான் வளையம் இருப்பது நைலாக் நட். சைலன்சர் மாதிரி சூடாகும் இடத்துக்கு ஆகாது, 120 டிகிரிக்கு மேல் நைலான் பிடியை விட்டுவிடும். நட்டுக்கு மேல் இன்னொரு மெல்லிய நட்டு வைத்து இறுக்கினால் அது செக் நட். அடுத்து ஸ்பிளிட் பின்: ஓட்டையில் விட்டு இரண்டு காலையும் விரித்து மடக்குவது. இதை அமெரிக்காவில் காட்டர் பின் என்பார்கள், யூடியூப் பார்த்து வரும் பிள்ளைகளும் அப்படியே கேட்கிறார்கள். நம் ஊரில் காட்டர் பின் என்றால் சைக்கிள் பெடல் கட்டையில் அடிக்கும் சாய்வு வெட்டுள்ள பின். இரண்டும் கைமாறினால் ஒன்றும் பொருந்தாது. மூன்றாவது, "பாஸ்னர்". ஃபாஸ்னர் என்றால் இறுக்கிப் பிடிக்கும் எல்லாச் சாமானும்தான், என் கடை முழுக்க ஃபாஸ்னர்தான். ஆனால் இங்கே பாஸ்னர் என்று கேட்டால் கான்கிரீட்டில் ஓட்டை போட்டு இறக்கும் ஆங்கர் போல்ட் மட்டுமே. அதனால் அதை ஆங்கர் என்று சொல்லிவிடுவது நல்லது.

வாஷரை அதன் அளவால் கேட்க வேண்டாம், போல்ட்டின் அளவால் கேளுங்கள். எம்10 பிளெயின் வாஷரின் ஓட்டை 10.5 மிமீ, வெளி விட்டம் 20. "இருபது எம்எம் வாஷர்" என்றால் எம்20க்கானதைத்தான் கொடுப்பேன்.

முதலில் சொன்ன மரை வெட்டும் டேப்புக்கு வருவோம். "எம்10 டேப் செட், 1.5 பிட்ச், மூன்று பீஸ்" என்று கேட்டால் யாரும் உங்களுக்கு டெஃப்லான் சுருளை நீட்ட மாட்டார்கள். கூடவே டிரில் பிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்தால் டிரில் அளவு: 10இல் 1.5 போக 8.5. எம்8க்கு 6.8, எம்6க்கு 5. பத்து மிமீ டிரில்லே போட்டுவிட்டு, "டேப்பு மரையே வெட்டலை" என்று வந்தவரையும் பார்த்தாயிற்று.

லேத்துக்காரர்கள் சர்ஃபேஸ் பிளேட் பற்றியும் கேட்பார்கள், டயல் கேஜ் வைத்துச் சமதளம் பார்க்கிற கல். நல்ல கருப்புக் கிரானைட்டில் செய்வது, துருப்பிடிக்காது, அடிபட்டால் இரும்பு மாதிரி விளிம்பு எழும்பாமல் சில்லாக உதிர்ந்துவிடும். கருப்புக் கிரானைட் நம் மாவட்டத்துக் கல்தான், ஆனால் அந்தப் பிளேட் வேண்டுமென்றால் நான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும்.

பையனிடம் சீட்டு கொடுத்து அனுப்புகிற மேஸ்திரிகளுக்கு, சீட்டு இப்படி இருந்தால் போதும்:

ஹெக்ஸ் போல்ட், எம்10 x 1.5, நீளம் 50, ஃபுல் த்ரெட், 8.8, ஜிங்க், 20 எண்ணம். நட்டு, பிளெயின் வாஷர், ஸ்பிரிங் வாஷர் சேர்த்து.

ஃபுல் த்ரெட்டா ஹாஃப் த்ரெட்டா என்பதை மறக்க வேண்டாம். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உரசி இழுபடும் இடமென்றால் மரையில்லாத தண்டு அந்தச் சந்தியில் வருவதுபோல் ஹாஃப் த்ரெட் வாங்குங்கள்.

சீட்டு எழுதத் தெரியாவிட்டால் பழைய போல்ட்டை நட்டோடு கொடுத்தனுப்புங்கள். உடைந்திருந்தால் இரண்டு துண்டும் வேண்டும், ஒரு துண்டில் நீளம் தெரியாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதானால் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் பத்து ரூபாய் காசு வைத்தாலும் சரி, அதன் விட்டம் 27 மிமீ, நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். உள்ளங்கையில் வைத்து எடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் கை எவ்வளவு பெரிதென்று எனக்கு எப்படித் தெரியும்?